திராட்சை வாளிக்கு ஒரு தடையுத்தரவு

2000 ஜனவரி 22, சனி

காலையிலிருந்து பனி. வாசல் வழியை இரண்டு முறை சுரண்டியாயிற்று. மறுபடி மூடிக்கொண்டது.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு பெட்டி வந்தது. மிகுந்த கனம். மனைவி மாலதி அக்டோபரிலேயே பதிவு செய்து வைத்ததாம், என் பிறந்தநாளுக்கு. வீட்டிலேயே வைன் தயாரிக்கும் பெட்டி. "லிமிடெட் எடிஷன்" என்று தங்க எழுத்தில். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு முறை. இந்தத் திராட்சையும் இந்தக் கலவையும் மறுபடி வராது. அடுத்த ஆண்டு வேறு.

உள்ளே: தெற்கு இத்தாலியக் கருந்திராட்சைச் சாறு, தலையணை அளவில் ஒரு பை. ஈஸ்ட். ஏதோ களிமண் தூள். ஓக் மரச் சீவல். எண்ணிட்ட பொட்டலங்கள். பாட்டிலில் ஒட்டும் லேபிள்கள். வாளி, பெரிய கண்ணாடிக் குடுவை, குழாய், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஆகியவை தனிப் பெட்டியில்.

செய்முறைத் தாளை மூன்று முறை படித்தேன். "சுமார்", "ஏறத்தாழ", "தேவைப்படின்" ஆகிய சொற்கள் ஏராளம். இப்படி ஒரு பத்திரம் எழுதிய குமாஸ்தாவை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நான் குடிப்பவன் அல்லன். மாலதியின் (இனி மா.) அலுவலக விருந்துகளில் மரியாதைக்கு ஓரிரு மிடறு, அவ்வளவே. ஏன் இதை வாங்கினாய் என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க. அளந்து பாத்து, எழுதி வெச்சுப் பண்றதெல்லாம் உங்களுக்குப் புடிக்குமில்ல."

பிடிக்கும். ஈரோட்டில் பதினோரு ஆண்டுகள் சிவில் வழக்கு நடத்தியவன். இங்கே நியூ ஜெர்சி எடிசனில் எச்-4. அதாவது மனைவியின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவன். வேலை பார்க்க அனுமதியற்றவன். கிரீன் கார்டு விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில். அதுவரை துணி மடிப்பது, பனி சுரண்டுவது. இனி வைன்.

ஜனவரி 23, ஞாயிறு

தொடங்கியாயிற்று. எதிர் வீட்டுச் செந்தில் வந்து சாற்றுப் பையைத் தூக்கிக் கவிழ்த்தான். கோயம்புத்தூர், மா. அலுவலகத்திலேயே வேறு பிரிவு. வாய் சும்மா இருக்காது.

"வக்கீலண்ணா, ஒருவழியா கள்ளு எறக்க ஆரம்பிச்சுட்டீங்க. லைசென்ஸ் எல்லாம் வாங்கிட்டீங்களா?"

மா. சிரித்தாள். நானும். ஈஸ்டைத் தூவி மூடியைப் பொருத்தினேன். மூடியில் தண்ணீர் ஊற்றிய சிறு குழாய். உள்ளிருந்து காற்று வெளியேறலாம், வெளியிலிருந்து நுழையலாகாது. நல்ல ஏற்பாடு.

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

ஜனவரி 25, செவ்வாய்

நூலகம். பேருந்து இல்லாத ஊர், நடை. காது உறைந்தது.

மத்திய சட்டம்: வீட்டு உபயோகத்துக்கு வைன் தயாரிக்கலாம், அளவு வரம்பு உண்டு. நிம்மதி. பிறகு மாநிலச் சட்டத் தொகுப்பைப் புரட்டினேன். நியூ ஜெர்சியில் வீட்டில் வைன் தயாரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். முன்கூட்டியே. தெளிவான வாசகம், "சுமார்" இல்லை, "ஏறத்தாழ" இல்லை.

நூலகப் பெண்மணி தாம் பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பதாகவும், தம் மாமனார் ஆண்டுதோறும் பீப்பாய்க் கணக்கில் செய்ததாகவும், அப்படி ஒரு சீட்டைக் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். பெட்டி விற்ற கடைக்குத் தொலைபேசி. அவர்களும் கேள்விப்பட்டதில்லை. சட்டத்தை அறியாமை தற்காப்பு ஆகாது என்று நான் சொன்னதும் அந்த மனிதர் வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

விண்ணப்பம் இன்றே தபாலில் சேர்த்தேன்.

மாலையில் மா.விடம் விளக்கினேன். கிரீன் கார்டுக்கு ஐ.என்.எஸ். என்னும் குடிவரவுத் துறையின் அடுத்த படிவத்தில் வினா வரும்: எப்போதாவது சட்டத்தை மீறியதுண்டா. கைதானதுண்டா என்று மட்டும் கேட்பதில்லை. மீறியதுண்டா என்று கேட்பார்கள். கையொப்பமிட வேண்டும்.

"ஏனுங்க, வாளியில திராட்சை ஜூஸ் வெச்சதுக்கு ஐ.என்.எஸ்.காரன் வரப் போறானா?"

வரமாட்டான். அது எனக்கும் தெரியும். வினாவுக்கு எதிரே "இல்லை" என்று எழுத வேண்டியவன் நான்.

ஜனவரி 27, வியாழன்

வாளி பொங்குகிறது. குழாயில் குமிழி மேல் குமிழி. சமையலறை முழுதும் பழ வாசனை. ஒவ்வொரு குமிழியும் அனுமதியற்ற தயாரிப்பு.

ஊற்றிவிடலாமா? மறுபடி கிடைக்காத சரக்கு, மா.வின் பரிசு. தொடர விடலாமா? சீட்டு வரவில்லை. ஆகவே இடைவழி. தீர்ப்பு வரும்வரை இருந்தது இருந்தபடி நிற்கட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். குளிர்ந்தால் ஈஸ்ட் உறங்கும் என்று தாளிலேயே இருக்கிறது. வாளியைக் காரேஜுக்கு நகர்த்தினேன். அங்கே உறைநிலைக்கு அருகில்.

மதியத்துக்குள் குமிழி நின்றது. தடையுத்தரவு அமலுக்கு வந்தது. வெகு நாட்களுக்குப் பின் ஒரு காரியத்தைச் சரியாக யோசித்த திருப்தி.

மா. காலை இருட்டில் ரயிலுக்குப் போய் இருட்டில் திரும்புகிறாள். கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 29, சனி

கவனித்துவிட்டாள். காரில் ஏறப் போனவள் வாளியைப் பார்த்து நின்றாள். மூடியைத் தொட்டாள். ஐஸ் போலிருந்தது.

"இது எத்தன நாளா இங்க இருக்குது?"

சொன்னேன். காரணத்தையும் வரிசையாக.

"வாங்கிக் குடுத்தது நான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலையா?"

பிறகு வந்தது இன்னொன்று. அவளுடைய மேலாளர் பிராங்க் மார்ச் கடைசியில் தம் வீட்டில் விருந்து வைக்கிறார். ஒவ்வொருவரும் வீட்டில் செய்த ஏதாவது கொண்டுவருவது அந்தக் குழுவின் வழக்கம். மா. சொல்லிவைத்திருக்கிறாள்: என் கணவர் வைன் தயாரிக்கிறார், லிமிடெட் எடிஷன், கொண்டுவருகிறோம்.

ஏன் சொன்னாய் என்றேன்.

"எல்லாரும் கேக்கறாங்க. உன் ஹஸ்பண்ட் என்ன பண்றாரு, என்ன பண்றாரு. மூணு வருசமா கேக்கறாங்க. வீட்டுல இருக்காருன்னா 'ஓ'ன்னு சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்கறாங்க. இந்த ஒரு தடவ சொல்றதுக்கு ஏதோ ஒண்ணு இருந்துச்சு."

இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடுக்குக் காய் வாங்கப் போவதாக இருந்தது. போகவில்லை. இரண்டு வேளையும் தயிர்சாதம்.

வாளியை உள்ளே கொண்டுவரவில்லை. கோபத்தில் ஒரு உத்தரவை ரத்து செய்வது சரியன்று.

பிப்ரவரி 11, வெள்ளி

சீட்டு வந்தது. சாதாரணத் தாள். கையொப்பம் கிறுக்கல். என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.

வாளியை உள்ளே கொண்டுவந்தேன். மாலைவரை காத்திருந்தேன். குமிழி இல்லை. ஹைட்ரோமீட்டர் காட்டுவது: பாதி சர்க்கரை அப்படியே. கடைக்காரரிடம் கேட்டேன். அவ்வளவு நாள் குளிரில் போட்டால் ஈஸ்ட் உறங்காது, ஓய்ந்துவிடும் என்றார். மாற்றுப் பெட்டி? இல்லை. பதிவான எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடத் தயாரிப்பதில்லை. அதனால்தான் அந்தப் பெயர் என்றார், ஒரு குழந்தைக்கு விளக்குவதுபோல.

உறக்கம், ஓய்வு. தாளில் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதியிருந்தால் என்ன.

பிப்ரவரி 13, ஞாயிறு

மா. வாளியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவைப் புளிக்கவைப்பது எப்படியோ அப்படியே. மாவுக்கு ஓவனில் விளக்கைப் போட்டு வைப்பாள். வாளி ஓவனுக்குள் போகாது. கீழ்க் கழிப்பறையில் ஹீட்டர் வைத்து, ஜமுக்காளம் சுற்றி, கதவடைத்தாள். புதிய ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் நுரைக்கவிட்டு ஊற்றினாள்.

செந்தில் வந்தவன் கழிப்பறைக் கதவைத் தட்டினான். திறக்காதே என்றோம் இருவரும்.

"அவசரமுங்க."

"மாடிக்குப் போ."

"உள்ள யாரு, விருந்தாளியா?"

மா. சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்காக அல்ல.

பிப்ரவரி 16, புதன்

நேற்று சில குமிழிகள். இன்று காலை ஒன்று. பிறகு இல்லை. அடர்த்தி கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மா. ரயிலடியிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். "கொஞ்சம்" என்றேன். "கொஞ்சம்னா?" "சுமார்" என்றேன். என் வாயிலிருந்து.

மார்ச் 12, ஞாயிறு

வெயில். ஓரங்களில் கறுத்த பனி மட்டும்.

பாட்டில்களில் நிரப்பியாயிற்று. மீந்த சர்க்கரையோடு அடைத்தால் பின்னர் பொங்கி வெடிக்கும் அபாயம். ஆகவே தடுப்புப் பொட்டலங்கள் சேர்த்து, இருமுறை சோதித்து. கார்க் அடிக்கும் கருவியில் கட்டைவிரல் நசுங்கியது. நிறம் அழகு. விளக்கில் பிடித்தால் மாணிக்கம்.

மூவரும் சுவைத்தோம். செந்தில் வெகுநேரம் வாயில் வைத்திருந்தான்.

"இருமல் மருந்து மாதிரி இருக்குதுங்ணா. ஆனா நல்ல கம்பெனி இருமல் மருந்து."

மா. டம்ளரைக் கீழே வைத்தாள். விருந்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் என்றாள். செந்தில் யோசனை சொன்னான்: கடையில் நல்லதாக ஒன்று வாங்கி நம் பாட்டிலில் ஊற்றி, கார்க் அடித்து, லேபிள் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்.

அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. லேபிளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அது பொய்யுரை என்றேன். நீதிமன்றம் அல்ல, உணவு மேசை என்றாலும் பொய்யுரைதான். நம்முடையதைக் கொண்டுபோவோம், இல்லையேல் வெறுங்கை.

"அனுமதிச் சீட்டோட இருக்கற இருமல் மருந்து," என்றாள் மா. பிறகு, "சரிங்க. நம்முளுதே."

மார்ச் 26, ஞாயிறு, காலை

நேற்றைய விருந்து. பதிவு செய்ய வேண்டும்.

பிராங்குக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய கை, தானே சமைப்பவர். என்னைக் கண்டதும் "வைன் தயாரிப்பாளர்" என்று எல்லோருக்கும் அறிமுகம். ஒருவர் ரொட்டி, ஒருவர் ஊறுகாய். நாங்கள் இரண்டு பாட்டில். லேபிளைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஊற்றினார்.

முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. துளியும் இனிப்பு இல்லை. நன்கு விளைந்த, முழுமையான, கடை வைன். நான் நூலகம் போயிருந்த ஏதோ ஒரு சனிக்கிழமை மதியம் மா. மாற்றியிருக்கிறாள். கார்க் நேராக இருந்தது. நான் அடித்தால் சாயும்.

மா.வைப் பார்த்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் புகழ்ந்தார்கள். பிராங்க் கேள்வி மேல் கேள்வி. உண்மை சொன்னால் அவள் திங்கட்கிழமை அதே ஆட்களோடு வேலை பார்க்க வேண்டும். பதில் சொன்னேன். என்ன வெப்பம், ஓக் சீவல் எவ்வளவு நாள், குடுவைக்கு எப்போது மாற்றினேன். ஒரு பிசிறில்லாமல். குளிர்காலத்தில் ஒரு சிறு தடங்கல் வந்ததாகவும் பொறுமையால் சரிசெய்ததாகவும்கூட. இத்தனை கோவையாகப் பேசும் சாட்சியைக் கண்டால் நான் எழுந்து நின்று குறுக்கு விசாரணையைத் தொடங்கியிருப்பேன்.

பிராங்க் மகிழ்ந்துபோனார். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். மற்ற பாட்டில்களையும் பார்க்க வேண்டும், சுவைக்க வேண்டும், தானும் கற்க வேண்டும். வாருங்கள் என்றேன். வேறென்ன சொல்ல.

மா. வண்டியை நெடுஞ்சாலைக்கு ஏற்றினாள். பிறகு:

"கோவமுங்களா?"

"இல்லை."

"என்னய விட்டுக் குடுக்காம பேசுனீங்க."

"பேசினேன். ஒரு சீட்டுக்காக இவ்வளவும் கெடுத்தவன், ஒரு மேசையில் உட்கார்ந்து அத்தனையும் பொய் சொன்னேன்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை. அவள் நிறுத்தவில்லை.

மார்ச் 26, மாலை

நாள் முழுதும் வீட்டில் இருவர், நான்கு வாக்கியங்கள். சாம்பாரில் உப்பு இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பிராங்குக்கு நானே கடிதம் எழுதிவிடுகிறேன், தவறு என்னுடையது என்று, அது பாதி உண்மையாவது ஆகும் என்றேன்.

"நீங்க எழுதுனா மூணு பக்கம் வரும்," என்றாள். "மாத்துனது நானு. நானே பேசிக்கறேன்."

தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும், ஆங்கிலத்தில். இல்லை பிராங்க், நேற்றுக் குடித்தது கடையில் வாங்கியது. ஆமாம், நான்தான் ஊற்றினேன். என் கணவருக்கு அங்கே வந்துதான் தெரியும். எங்களுடையது வீணாகிவிட்டது. தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். ஆமாம். ஆமாம். மன்னிக்கணும். பிராங்க் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இல்லை, இனி அவர் வைன் செய்ய மாட்டார் என்றாள். அவர் லாயர் என்றாள். பிறகு, ஊரில்தான், இங்கே இல்லை என்றாள்.