எட்டு அந்தர்

1963 ஜூன் 3

மழை விடவில்லை. மூக்கன் கடைக்கு வந்து, அக்கரப்பத்தனைத் துண்டில் மானாப்புல் இடுப்புக்கு வந்துவிட்டது என்றான். இருபது ஏக்கர். போன ஒக்டோபருக்குப் பிறகு ஒரு வெட்டு விழவில்லை. தோட்டம் கைவிட்ட தேயிலை மலையைக் குத்தகைக்கு எடுத்து, பால்மாடு வளர்த்துக் காட்டுகிறேன் என்று ஹட்டன் முழுக்கச் சொன்னவன் நான். இந்த மழையையும் விட்டால் அது மாட்டுக்கு ஆகாது, காடாகிவிடும்.

"டிராக்டர் ரிப்பேராகி வந்துருச்சு மொதலாளி. பெரிய வெட்டுமிசினும் கொட்டகையில சும்மாதான் கெடக்கு. மச்சான் ஓட்டுனத நான் ஓட்டுறேன்" என்றான் மூக்கன். மச்சான் என்றால் சோலைமலை, அவன் அக்காள் பூரணியின் புருஷன்.

சீனி நிறுக்கப் போனேன். எடைக்கல்லை வைத்ததும் மறுதட்டு மேலே கிளம்பியது. பார்க்க முடியவில்லை. மனைவி ஜோசப்பினைக் கூப்பிட்டு நிறுக்கச் சொன்னேன். "தராசப் பாத்தா பயப்படுற மொதல் கடைக்காரர் நீங்கதான்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஜூன் 5

இன்றும் அதே. தராசுத் தட்டு கிளம்பினால் என் கண்ணுக்கு டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில்.

ஜூன் 9, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், எடையில் கை வைத்தது எல்லாவற்றையும் பங்குச் சுவாமியாரிடம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

போன வருஷம் வெட்டுமிசின் எடுக்கக் கொழும்புக்குப் போனேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அடியில் கத்தி சுழன்று புல்லை வெட்டும். அந்தக் கடையில் இருந்த யாழ்ப்பாணத்து மனுஷர் தெளிவாகத்தான் சொன்னார். "ஐயா, உங்கட டிரக்டர் சின்னன். இது எட்டு அந்தர் பாரம், தொளாயிரம் இறாத்தல் வரும். மட்டமான நிலமெண்டால் பரவாயில்லை. மேட்டில ஏறேக்க பின்பாரம் இழுத்து முன்சில்லுக் கிளம்பும். அந்த நாலடியைக் கொண்டுபோங்கோ, மூண்டரை அந்தர்தான்."

நாலடி மிசின் பெருவிரல் மொத்தக் கொப்பைத்தான் வெட்டும். பெரியது மணிக்கட்டு மொத்தத்தையும் வெட்டும். ஆறடி அகலம், வேலை சீக்கிரம் முடியும். "விக்காம கெடக்குறதத் தள்ளப் பாக்குறீங்க. நானும் யாவாரிதான்" என்று சிரித்துவிட்டுப் பெரியதைக் கொண்டுவந்தேன். அவர் சொன்னதைச் சோலைமலையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏற மாட்டான்.

மூன்றாம் நாள், ஓடைக்கு மேலே உள்ள சரிவு. முன்சக்கரம் எழும்பியபோது அவசரமே இல்லாமல்தான் எழும்பியது. பிறகு வண்டி அவன்மேல் உருண்டது. உருண்ட பிறகும் கத்தி மேலே பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் நிறுத்தியது நான்.

அது அல்ல நான் எழுத வந்தது. சாவு வீட்டில் தோட்டத்துக் கங்காணி கேட்டார், "எப்புடிங்க ஆச்சு?" லயத்து வீட்டு வாசலில் நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் திருப்பிக் கேட்டேன்: "மிசினுக்குச் சேவல் அறுத்தாங்களா?"

வேதக்காரன் நான், மாதாகோயிலுக்குப் போகிறவன். கவ்வாத்துச்சாமியை நான் கும்பிட்டதே கிடையாது. செடி வெட்டத் தொடங்கும் முன் கத்திகளை அந்தச் சாமிக்கல்லின் முன்னால் வைத்துச் சேவல் அறுப்பார்கள், புதுக் கத்தி எது வந்தாலும் அங்கே காட்டுவார்கள் என்று மட்டும் தெரியும். பூரணியிடம் இருந்தது ஒரே சேவல். அடுத்த மாசம் பாப்போம் என்று தேங்காய் மட்டும் உடைத்திருந்தாள். சோலைமலையே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்ன விஷயம் அது.

தெரிந்துதான் கேட்டேன்.

அன்றிலிருந்து லயத்தில் அவளுக்குச் 'சேவல்காரி' என்று பேர். சேவலை வைத்துக்கொண்டு புருஷனைக் கொடுத்தவள். மாமியார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லையாம்.

ஜூன் 15

அக்காளும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். பூரணியின் இரண்டு கக்கத்திலும் கால் கட்டிய சேவல்கள்.

"இந்தத் தடவ ரெண்டு மொதலாளி. சாமிக்கு ஒரு கொறையும் வைக்கல. தம்பி அந்தப் பெரிய மிசின்லயே ஏறட்டும்."

"மூணாவது சேவல் நாந்தான் போல" என்றான் மூக்கன்.

"வாயக் கழுவுடா." அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "எப்பங்க வேல?" என்றாள்.

"அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு சேவலை நம்பி இவன் அந்தச் சரிவில் ஏறப்போகிறான். என் பேச்சை நம்பித்தானே?

ஜூன் 17

யோசித்துப் பார்த்தேன். நாலடி மிசின் வாங்கினால் மூக்கன் பிழைப்பான். ஆனால் எல்லாம் சாமி குற்றம் என்று ஆன பிறகு மிசின் சின்னதானால் என்ன, பெரியதானால் என்ன? ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். முதலில் கேட்கப்போவது பூரணி. புத்திக்காரி.

பெரியதையே வைத்துக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் இரும்புப் பாரம் கட்டினால்? யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பார், இப்போதும் புத்தி எங்கே போகிறது.

ஜூன் 20, கொழும்பு

அதே மனுஷர். "போன முறை கொண்டுபோனது எப்பிடி ஐயா?" என்றார். ஓடுகிறது என்றேன். முன்னால் பாரம் கட்டினால் போதுமா என்று கேட்டேன்.

"மட்டத்தில சரி. மலைக்குப் போதுமெண்டு நான் சொல்ல மாட்டன். ஓட்டுறது ஆர், நீங்களோ?"

"ஆள் இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். நான் போய் நாலடி மிசினின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். தூக்க முடிந்தது. பாறையில் பட்டால் சின்ன ஆணி ஒன்று முறிந்து கத்தி நின்றுவிடுமாம். அந்த ஆணியில் ஒரு டசின் சேர்த்து வாங்கினேன். லொறியில் ஏற்றச் சொன்னேன்.

ஜூன் 22

கொட்டகையில் இறக்கினோம். புதியது பழையதன் பக்கத்தில் பாதிகூட இல்லை.

"அட, பெருசு குட்டி போட்டிருக்கு" என்றான் மூக்கன். ஆட்கள் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை. அறுக்கக் கொண்டுவந்திருந்த சேவல்களைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மிசினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏங்க சின்னது?"

மழைக்கு வெட்டு குறைவு, விலை சல்லிசு — வாயில் ஆயிரம் வந்தது. எத்தனை வருஷத்து யாவாரம். அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிட்டேன். எட்டு அந்தர், முன்சில்லு, அந்த மனுஷர் சொன்னது, நான் சிரித்தது, எல்லாம் சொல்லிட்டேன். என்னத்தச் சொன்னேன், எப்புடிச் சொன்னேன்னு இப்ப ஞாபகமில்ல.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாசல்ல வச்சு சேவல் அறுத்தாங்களான்னு கேட்டீங்களே. அப்பவே ஒங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

குனிந்து சேவல்களின் கட்டை அவிழ்த்தாள். இரண்டும் புல்லுக்குள் ஓடின. மூக்கன் பிடிக்கப் போனான். "விடுடா" என்றாள். பிறகு என்னிடம், "அதே வாசல்ல வந்து, அதே ஆளுங்க முன்னால சொல்லுங்க. புல்லு வெட்டணும்னா நீங்களே ஏறுங்க. எந்தம்பி ஏற மாட்டான்."

ஜூன் 23, ஞாயிறு

போனேன். சொன்னேன். கங்காணி துப்பினார். என்மேல் அல்ல, பக்கத்தில்.

பூரணியின் மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 11

சின்ன டிராக்டர் வைத்திருக்கிற ஒருவர் நுவரெலியாவிலிருந்து பெரிய மிசினைக் கேட்டு வந்தார். நல்ல விலை. கொல்லனிடம் கொடுத்துத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லிவிட்டேன். ஜோசப்பின் என்னுடன் பேசி மூன்று வாரம் ஆகப்போகிறது.

செப்டெம்பர் 2

தோட்டத்து ஆட்கள் இப்போது கடைக்கு வருவதில்லை. பூரணியை லயத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். மாமியார் இன்னும் பேசவில்லையாம்.

புல்லை நானேதான் வெட்டுகிறேன். ஐம்பத்திரண்டு வயசில் மூக்கனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவன் வரப்பில் நின்றபடி சொல்லிக்கொடுத்தான், வண்டியைத் தொடவில்லை. இன்று ஓடைக்கு மேலே உள்ள சரிவு. நேராக ஏறாமல் சுற்றிப் போய், மேலிருந்து கீழாக வெட்டினேன். சாமிக்கல்லுக்குப் பக்கத்தில் புல் அசைந்து ஒரு சேவல் எழுந்து ஓடியது. இத்தனை நாள் யாரும் அதைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வெட்டாமல் விட்டேன்.

அடுத்த மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், என்ன பேர் என்று தெரியாது. இன்று காற்று இந்தப் பக்கம் வீசியது.

"எட்டந்தரு போகுது பாருங்கடி."

பூரணியும் அந்த நிரையில் நின்றிருப்பாள். நான் திரும்பவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தபடியே வண்டியை விட்டேன். அது தரையில்தான் இருந்தது.