வைக்கோல் ஆளின் பெயரில் எழுதிய மரணத்தை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மா. பேச்சி,
க/பெ. சங்கிலிப்பாண்டி,
துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு, வீட்டு எண் 14,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
எறணாகுளம்.

பொருள்: ஓரம்பியா நாட்டில் சிறைப்பட்டிருக்கும் என் கணவர் உயிருடன் இருப்பது – இங்கே அவர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது – அதை 30-9-1983க்குள் நீக்கித் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனு தமிழில் இருப்பதற்கு முதலில் மன்னிக்கவும். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. என் மகள் சீதாலக்ஷ்மிக்கு நன்றாக எழுத வரும். ஆனால் அவளிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அப்பா இல்லை என்று நான்கு வருஷமாகச் சொல்லி வளர்த்த பிள்ளையிடம், இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பிறகு வராமல் போனால் என்ன செய்வேன்? அதனால் எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழில் நானே எழுதுகிறேன்.

2. என் கணவர் சங்கிலிப்பாண்டி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். 1976இல் ஓர் ஏஜெண்டு மூலம் ஓரம்பியாவின் சாந்தாரி துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். அப்போது நாங்கள் இருந்த தெருவிலிருந்து ராக்கப்பனும் கூடப் போனார். மறு வருஷமே அந்த நாட்டில் கரையோர அரசுக்கும் மலைநாட்டுப் படைக்கும் சண்டை மூண்டது. எதற்காகச் சண்டை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கணவரும் விளங்காமல்தான் அதற்கு நடுவில் மாட்டிக்கொண்டார்.

3. 1979 ஜூனில் ராக்கப்பன் மட்டும் திரும்பி வந்தார். துறைமுகத்தில் குண்டு விழுந்தது என்றும், கூலியாட்கள் தங்கிய கொட்டகை ஒரு தூண்கூட மிச்சமில்லாமல் எரிந்தது என்றும், பாண்டி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அன்று என் கணவர் தண்ணீர் எடுக்க வெளியே போனதும், வழியில் மலைநாட்டுப் படை பிடித்துக் கல் உடைக்கக் கொண்டுபோனதும் அவருக்குத் தெரியாது. எனக்கே இப்போது வந்த தில்லிக் கடிதத்தில்தான் தெரிந்தது.

4. ஐயா, இனி எழுதுவது எங்கள் குற்றம். உடல் கிடைக்காமல் இறந்தவருக்கு வைக்கோலால் ஓர் ஆள் செய்து, அவர் உடுத்திய துணியைப் போட்டு, முறைப்படி சுடுகாட்டில் எரிப்பது எங்கள் சனங்களின் வழக்கம். எரிக்காவிட்டால் ஆத்மா அலையும் என்றார்கள். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தலைக்கட்டுகளில் மூத்தவரான செல்லப்பா கொள்ளி வைத்தார். சிதை எரிந்தால் சீட்டு எழுத வேண்டும் என்பதால் சுடுகாட்டுக் காவல்காரச் சேட்டன் பெயரும் வயதும் கேட்டுச் சீட்டு எழுதித் தந்தார். எரிந்தது என்ன என்று அவரும் கேட்கவில்லை, வைக்கோல் என்று நாங்களும் சொல்லவில்லை. வழக்கம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். செல்லப்பா அந்தச் சீட்டைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து மரணச் சான்றிதழ் வாங்கி வந்தார். என் நல்லதுக்காகத்தான் செய்தார்.

5. அந்தச் சான்றிதழால் எனக்குப் பலன் கிடைத்ததை மறைக்கவில்லை. கணவரை இழந்தவர் என்ற முறையில்தான் தெருக்கூட்டும் வேலையும் இந்த வீடும் எனக்குக் கிடைத்தன. ரேஷன் கார்டில் அவர் பெயரை அடிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்ததும் நான்தான். கழற்றிய தாலியை அழித்து மகளுக்குக் கம்மல் செய்து போட்டேன். இப்போது தினமும் அவள் காதைத்தான் பார்க்கிறேன்.

6. சென்ற மார்ச்சில் ஓரம்பியாவின் இரண்டு தரப்பும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பதினான்காம் பிரிவின்படி, பிடித்து வைத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிகளை விட வேண்டும். ஆனால் 30-9-1983க்குள் சொந்த நாட்டு அரசாங்கம், உறவினரின் அத்தாட்சியோடு, எங்கள் ஆள் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமே கப்பல். மற்றவர்களை மலைநாட்டுக்குள்ளேயே குடியமர்த்தி விடுவார்களாம். இந்த மாதம் மூன்றாம் தேதி தில்லியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இது இருக்கிறது. கைதிகள் பட்டியலில் என் கணவர் பெயர், தகப்பனார் பெயர், வலது புருவத்துத் தழும்பு, எல்லாம் சரியாக இருக்கின்றன.

7. கடிதத்தோடு தாலுகா அலுவலகம் போனேன். இறந்தவருக்கு அத்தாட்சி தர விதியில்லை என்றார்கள். பதிவு அலுவலகம் போனேன். பதிவை நீக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து நிற்க வேண்டும் என்றார்கள். அவர் வந்து நிற்பதற்குத்தான் பதிவை நீக்கச் சொல்கிறேன் என்றேன். அங்கிருந்த எழுத்தர் என்னை உட்காரச் சொல்லி ஒரு சாயா வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. இப்படி ஆறு முறை நடந்துவிட்டேன்.

8. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட படத்தைப் பேப்பரில் பார்த்தேன். அவர்கள் என் புருஷனை விடுகிறோம் என்கிறார்கள். இங்கே, எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காத இடத்தில், ஒரு நோட்டிலுள்ள ஒரு வரி விடமாட்டேன் என்கிறது. எனக்குக் கோபம் வருகிறது ஐயா. யார்மேல் என்று தெரியாததால் இதில் எழுதுகிறேன்.

9. ஆகவே, சுடுகாட்டில் எரிந்தது வைக்கோல்தான் என்று ராக்கப்பனும் செல்லப்பாவும் நானும் எழுதிக் கொடுத்திருப்பதை ஏற்று, அந்தப் பதிவை நீக்க உத்தரவிட வேண்டும். பொய்ச் சீட்டுக்குத் தண்டனை உண்டென்றால் என்பேரில் எடுங்கள். கொள்ளி வைத்தவர் முதியவர். விதவை என்று கொடுத்த வேலையையும் வீட்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் தோப்பும்படியில் மீன் கூடை சுமப்பேன்.

10. கடிதத்தோடு அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்றும் வந்தது. சில வரிகள்தான் எழுத விடுவார்களாம். அதில் இருப்பது முழுவதும் இதுதான்: "பேச்சி, நான் சுகம். இடது கால் கொஞ்சம் மோசம். பாப்பா என்ன படிக்கிறாள்? கப்பலில் இருந்து இறங்கும்போது போட்டுக்கொள்ள நீலக் கட்டச் சட்டையை எடுத்து வை."

அதே மாதிரித் துணி பஜாரில் தேடி வாங்கித் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அளவு கேட்டார்கள். வைக்கோல் ஆளுக்குச் சட்டை மாட்டும்போது தோள் எவ்வளவு இருந்தது என்பது என் கைக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னேன்.

ஐயா அவர்கள் கெடு முடியுமுன் ஒரு கையெழுத்துப் போட்டு அவரை உயிரோடு எழுதித் தர வேண்டுகிறேன்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 22-8-1983

இப்படிக்கு,
மா. பேச்சி
சங்கிலிப்பாண்டியின் மனைவி

இணைப்பு: தில்லிக் கடிதத்தின் நகல், மரணச் சான்றிதழ், மூவரின் வாக்குமூலம், அட்டையின் நகல். மூல அட்டையை மட்டும் கேட்க வேண்டாம்.