தூணிலிருந்து எடுத்த உருளை

இன்று காலை சோதனை இயந்திரத்தில் ஒரு கான்கிரீட் கட்டி வெடித்தது. அந்த ஈரச் சிமெண்டு வாசனை பரவியதும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கட்டுமானச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துத் தூண்களுக்கு ஊற்றிய கான்கிரீட்டின் மாதிரிக் கட்டிகள் வந்தன. தாங்க வேண்டிய பாரத்தில் பாதிக்கே நொறுங்கின. காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே வேறு கட்டிகளைக் கொண்டுவந்தார். அவை அசையாமல் நின்றன. மேனேஜர் அதையே எழுதச் சொன்னார்.

"இது தனியா ஊத்துனதுங்க. தூணைத் தொளைச்சு எடுத்துத்தான் பாக்கோணும்" என்றாய்.

"எதுக்குங்க அம்மணி வம்பு? தூணுல ஒரு கீறல்கூட இல்லீங்களே" என்றார் காண்ட்ராக்டர்.

"கம்பின்னா வளைஞ்சு காட்டுமுங்க. இது காட்டாதுங்க. கடைசி வரைக்கும் சும்மா நிக்கும், அப்புறம் ஒரேயடியா ஒடைஞ்சுபோடும்."

மேனேஜர் மசியவில்லை. மறுநாள் நீ, பள்ளியை நடத்திய பாதிரியாரிடமே நேரே போனாய். அவர் தூணைத் துளைக்கச் சொல்லி, எடுத்த உருளையோடு தானே வந்துவிட்டார். பாரத்தை நான் ஏற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேலிருந்து கீழாக மயிரிழைபோல் ஒரு கோடு, பக்கத்தில் இன்னொன்று. படாரென்று சிதறியது.

"இதுக்குக் கீழயா ஒண்ணாங்கிளாஸ் கொழந்தைங்க உக்காரப் போறாங்க?" என்றார் பாதிரியார்.

தூண்களை இடித்து மறுபடி ஊற்றினார்கள். பள்ளி தாமதமாகத் திறந்தது. உன் வேலை போயிற்று. மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றார் மேனேஜர்.

"எதுக்குங்க? தூணு ஒடைஞ்சதுக்கா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். பின்னாலேயே நானும் வந்தேன்.

"நீ எதுக்கு புள்ள வாரே?"

"சும்மாதான் வாரேன், நட."

மதுக்கரை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில், பழைய இயந்திரத்தோடு நாமே சோதனைக்கூடம் தொடங்கினோம். பெரிய காண்ட்ராக்டர்கள் எட்டிப் பார்க்கவில்லை. சொந்த வீடு கட்டுகிறவர்கள் வந்தார்கள். 'அந்தப் பொம்பளைங்க வளைஞ்சே குடுக்க மாட்டாங்க' என்று ஊரில் நம்மைத் திட்டினார்கள். செலவில்லாத விளம்பரம் என்று நீ சிரித்தாய்.

போன மாதம் ஒரு அடுக்குமாடி கட்டுகிறவர் வந்தார். அவர் கொடுத்த கட்டிகள் பாதிப் பாரத்திலேயே நொறுங்கியிருந்தன. "அந்தக்காதான் இப்ப இல்லீங்களே, நீங்க ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார். எனக்கு இப்போதும் பயம் வரும். "முடியாதுங்க" என்றேன். அவர் கத்தினார். இன்னொரு தடவை, அவரைவிடச் சத்தமாகச் சொன்னேன்.