வெறும் வயிற்றோடு வாரும்

விநாயகமூர்த்தி,

முதற்படகில் போகிறேன். யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் உமக்கு இலக்கம் எடுத்து வைப்பேன். ஸ்கான் பின்னேரம்தான்; நீர் பதினொரு மணிப் படகில் வந்தாற் போதும். ஸ்கான் முடியும்வரை தண்ணீர் மட்டும் குடியும். பாலில்லாவிட்டாலும் சீனி போட்ட பிளேன்ரீ தண்ணீர் ஆகாது.

போன தடவை போகும் வழியில் கோயில் மடத்தில் அன்னதானம் உண்டீர். "அம்மாளின்ரை சோத்தை வேண்டாமெண்டு சொல்லேலுமே அக்கா?" என்றீர். அம்மாள் உம்மை அழைக்கவில்லை. பாயசம் மணத்தது, நீர் நுழைந்தீர். வயிற்றில் காற்று நிறைந்து ஈரல் தெளிவாகத் தெரியவில்லையென்று திருப்பி அனுப்பினார்கள்.

"இரத்தம் சரியாம், எனக்கொரு நோவுமில்லை" என்று இறங்குதுறையில் முழங்குவதையும் நிறுத்தும். உமது ஈரல் போலத் தழும்பேறிய ஈரலில் புற்று தொடங்கும்போது நோகாது; இரத்தத்திலும் சிலவேளை தெரியாது. அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கொரு ஸ்கான். சிறிதாக இருக்கும்போது கண்டால் அகற்றலாம். எங்கள் ஐயாவும் நோகவில்லையென்றே சொல்லிக்கொண்டிருந்தார். நொந்தபோது வைத்தியர்களால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் இது ஒரு தடவையில் விளங்கியிருக்கும்.

பானை சட்டியோடு குசினியைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோகிறேன். மடத்தில் பரிமாறும் மார்க்கண்டு அண்ணையிடமும் சொல்லிவிட்டேன். உமக்கு இன்று இலை விழாது. "அம்மாள் கோவிக்கமாட்டா தங்கச்சி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

சறோஜினிதேவி

பி.கு. பழைய ஸ்கான் அறிக்கை அலுமாரிக்கு மேலே இருக்கிறது, கொண்டு வாரும்.

இன்னொன்று. நானும் சாப்பிடாமல்தான் போகிறேன். பையில் இருவருக்கும் புட்டு இருக்கிறது. நீர் ஸ்கான் அறையை விட்டு வெளியே வந்த பிறகே பொதியை அவிழ்ப்பேன்.