பான்ஜோ பழகின சித்தப்பாவுக்கு

என் அன்புச் சித்தப்பா,

போன சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சன் தேவாலய மண்டபத்தில் உங்கள் கன்ட்ரி இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியது. நீங்கள் இல்லாமல்தான்.

பத்து வருடம் கலியாண மண்டபங்களை அதிரவைத்த ரொக் குழுக்காரர் நீங்கள் நான்கு பேரும். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளின் பாணியில் பாட இன்னொரு குழு தொடங்கியபோது இங்கே ஜேர்மனியில் இருக்கிற எங்கள் சனமே சிரித்தது. அவரவர் வழமையான வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று வேறு சட்டம் போட்டீர்கள். ட்ரம்ஸ் அடித்த நீங்கள் சட்டிபோல வட்டமான தந்தி வாத்தியம் பான்ஜோவை எடுத்தீர்கள். கிற்றார் வாசித்த ரவி மாமா ட்ரம்ஸில் உட்கார்ந்து தாளத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடுவார்.

"பஸ்ஸைப் பிடிக்கவோ ஓடுறியள், அண்ணை?" என்பீர்கள் நீங்கள்.

"நீ முதல் அந்தச் சட்டி சுரண்டுறதை நிப்பாட்டு, தம்பி!"

ரொக் ஒத்திகையில் நீங்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புதிதாகப் பழகுவது அவ்வளவு சந்தோசமா?

"கன்ட்ரி எண்டால் கதை. வீட்டில கதைப் புத்தகம் வாசிக்கிறது நீதானே, எழுது" என்றீர்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றி, அவவிடம் சொல்லாமலே எழுதினேன். நீங்கள் மெட்டுப் போட்டுப் பாடினீர்கள். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டதற்கு நன்றி சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்ததும் ரவி மாமா வீட்டுக்கு வந்தார். "அவன்ரை குரல் இல்லாமல் என்ன கன்ட்ரி? இனி ஏலாது, பிள்ளை. நிகழ்ச்சிக்குப் பதிஞ்ச மண்டபத்தை வேண்டாமெண்டு சொல்லப் போறன்."

எனக்குப் பாட வராது. ஆனால் நீங்கள் தந்த கசற்றுகளில் சிலர் பாட்டின் நடுவில் சும்மா பேசுவார்களே. "மாமா, நான் எழுதின பாட்டைப் பேச்சாய் வாசிக்கவோ?" என்று கேட்டேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

வாசித்தேன், சித்தப்பா. பின்னால் மூவரும் மெதுவாக இசைத்தார்கள். ரவி மாமாகூட அன்றைக்கு ஓடவில்லை.

முடிந்ததும், கேட்டுக்கொண்டிருந்த அம்மா நேரே மேடைக்கு வந்தா.

"அந்த மனிசி நான்தானே?"

"ஓம் அம்மா."

"நான் அங்கை ஒருநாளும் அழேல்லை. ஏன் பொய் எழுதினனீ? அந்த வரியை மாத்து."

ரவி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாத்திக்கொண்டு வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வா, பிள்ளை."

நான் போவேன், சித்தப்பா. இந்தமுறை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவேன்.

நன்றியோடு,
உங்கள் பெறாமகள்
சுகந்தி