குழலிக்குத் தறியில் இடமில்லை

சிவமயம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஆடி மாதம், திங்கட்கிழமை மத்தியானம்

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா நமச்சிவாயம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டில் தறி பாதி, நாம் பாதி, நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தங்கச்சி குழலியின் காதில் விழும். என் போனில்தான் அவள் வீட்டுப்பாடமும் பார்க்கிறாள், அதில் எழுதினாலும் படித்துவிடுவாள். அதனால் இதை எழுதி அடுத்த தெரு தர்மனிடம் கொடுத்து, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்குத் தோள்வலி விட்டபாடில்லை. நீ அனுப்பிய தைலத்தை இரண்டு வேளையும் தடவுகிறாள், வீடே உன் ஆஸ்பத்திரி மாதிரி வாசனை அடிக்கிறது. படித்துவிட்டு நீ பதறக்கூடாது. நான்தான் பதறிப்போய் இருக்கிறேன்.

குழலியை ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்த்தது உனக்குத் தெரியும். நம் தெருப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடுகிறதே, வேறு வழியில்லை. புதுச் சீருடை போட்டுக்கொண்டு உனக்கு வீடியோவில் காட்டினாளே, அன்றைக்கு நானும் பூரித்துப்போனேன். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், சாயந்திரம் வருவாள். நானும் அம்மாவும் தறியில் இருப்போம், வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டால் புள்ள போகுது, புள்ள வந்துட்டுது, அவ்வளவுதான். வெளியே கிளம்புகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்பதும் பின்னாலிருந்து கூப்பிடுவதும் நம் வீட்டில் எந்தக் காலத்திலும் வழக்கமில்லை. அந்த வழக்கம் இப்படி வினையாகும் என்று யார் கண்டது.

போன வியாழக்கிழமை ஆடி அமாவாசை. தறியைத் தொடக்கூடாத நாள். விடியற்காலையில் சர்வதீர்த்தக் குளத்தில் தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு வந்தேன். படையல் முடிந்ததும் உன் அம்மா, குழந்தை இன்றைக்கும் காலைப் பழையதைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாளே, வடையும் பாயசமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். அமாவாசையில் அப்பா சும்மா இருப்பார் என்று குழலிக்கும் தெரியும். ஆனால் அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும், எட்டாவதோடு நின்றவன் அங்கே எந்த முகத்தோடு போவேன். அன்றைக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வகுப்பாசிரியர் ஜெபகுமார் என்று ஒருவர், கணக்கு எடுக்கிறவர், சின்ன வயசுதான். என் பெண் பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஏலவார்குழலி ஒரு வாரத்துக்கு மேல வரலீங்களே, உங்க போனுக்கு மெசேஜ் போய்க்கினு இருக்குதே, பாக்கலியா என்று கேட்டார். கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்று வருகிற குப்பையோடு அதுவும் கிடந்திருக்கிறது, நான் எதைத்தான் பார்த்தேன்.

இளவரசி, அந்த நேரத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வேறு எங்கும் தேடத் தோன்றாமல் சைக்கிளை நேராக அந்தக் குளத்துக்குத்தான் விட்டேன். தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே படியில் நின்று என் பெண்ணின் செருப்பு எங்கேயாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். எந்தத் தகப்பனுக்கும் அப்படி ஒரு பார்வை வரக்கூடாது. கூட்டத்தில் யார் யார் செருப்போ கிடந்தது, ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். அங்கே வந்திருந்த தர்மன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல்ல பழைய பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாக்கலாம் வாண்ணா என்றான். போனால் சத்துணவு சமைக்கிற கங்கையம்மாள் வாசலிலேயே, புள்ள உள்ளதான் குந்திக்கினு இருக்குதுபா, ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு ஆனா ஆவன்னா எழுதிக் குடுத்துக்கினு இருக்குது, புதுப் பள்ளிக்கூடத்துல மத்தியானத்துக்கு மேலதான் கிளாஸுன்னு சொல்லிச்சே என்றாள். எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தே எத்தனையோ நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் அடிக்கவில்லை. அடிக்கிற தெம்பும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை உன் அம்மா அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் காரணம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வாத்தியாராம், ஆய்வகத்துக்கு வேறு கட்டடத்துக்குப் போகவேண்டுமாம். ஒருநாள் வழி தெரியாமல் சுற்றிவிட்டு, தப்பாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைந்துவிட்டாளாம், அத்தனை பேரும் சிரித்தார்களாம். அதற்கப்புறம் அவள் நடந்துபோனாலே, என்ன, ப்ளஸ் டூவா என்று கேட்கிறார்களாம். அங்க யாருக்கும் என்னைத் தெரியலம்மா, நான் இல்லன்னாகூட யாரும் தேடமாட்டாங்க என்று சொன்னாளாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே மறுபடி போய் ஜெபகுமார் சாரைப் பார்த்தேன். நல்ல மனுஷர். சனிக்கிழமை கூட்டிக்கினு வாங்க, கூட்டம் இருக்காது, எல்லா ரூமையும் நீங்க ரெண்டு பேருமே நிதானமா நடந்து பாருங்க, அப்புறம் கொஞ்ச நாளைக்கு நீங்களே கொண்டாந்து விடுங்க என்றார். அப்படியே செய்தோம். அந்தப் படிக்கட்டுகளும் வராந்தாவும், ஒரே மாதிரி கதவுகளும், எனக்கே திக்கென்றுதான் இருந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. வகுப்பிலிருந்து ஆய்வகத்துக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும், தண்ணீர்க் குழாய்க்கும் திரும்பத் திரும்ப நடந்தோம். அவளும் கூடவே வந்தாள். சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் நாடா போட்டாள். கரையை உடலோடு கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் இல்லாமல் முடியாது, அம்மாவுக்கோ தோளைத் தூக்க முடியவில்லை. நாடா போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், இனிமே நான் தறியிலயே குந்திக்கிறேன்பா, உனக்கும் ஆள் வேணும்ல, என்னை அங்க அனுப்பாதப்பா என்றாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது இளவரசி. கண் முன்னால் இருப்பாள், குளத்துப் படியில் செருப்புத் தேட வேண்டாம், கைக்கும் ஆள் ஆச்சு என்று ஒரு மூச்சு விட்டேன். நாலு இழை ஓட்டினேன். அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தைப் பார்த்து வந்த பயத்தைவிட என்னைப் பார்த்து வந்த இந்தப் பயம் பெரிதாக இருக்கிறது. நான் ஒரே ஒருமுறை சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் இன்னும் ஐந்து வருஷம் கழித்தும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பாள்.

சாயந்திரமே தர்மன் வீட்டுக்குப் போய், அவன் பெண்சாதியை நாளையிலிருந்து கரைக்கு வந்து உட்காரச் சொல்லிவிட்டேன். கூலி பங்கு போகும், போகட்டும். குழலியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தர்மன் பெண்சாதி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். குழலி ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சைக்கிளில் ஏறச் சொன்னேன், ஏறவில்லை. அவ்வளவு தூரமும் அவள் முன்னால் நடக்க, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். கேட்டுக்குள் போகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வகுப்பு வரைக்கும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் தனக்கு இடமில்லை என்று அப்பா சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நீதான் இன்றைக்கு ராத்திரி அவளைக் கூப்பிட்டு, அப்படியில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்ல ஆரம்பித்தால், அவள் முகத்தைப் பார்த்ததும் வா கண்ணு, வந்து உட்கார் என்று என் வாய் சொல்லிவிடும், என்னை நான் நம்பமாட்டேன். அவளைத் திட்டாதே, புத்திமதியும் வேண்டாம். நீ ஒன்பதாவது சேர்ந்த புதிதில் தினம் வாசலைத் தாண்டுமுன் வாந்தி எடுப்பாயே, அம்மா சொம்போடு நிற்பாளே, அதைச் சொல். அவள் அப்போது பிறக்கவே இல்லை, அக்கா பயம் என்றால் என்னவென்று தெரியாமல் பறந்து போனவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் வாயால் கேட்டால்தான் நம்புவாள். நைட் டியூட்டி என்றால் முன்னாடியே கூப்பிடு, மறந்துவிடாதே. நீயும் வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே அம்மா. காமாட்சி உனக்குத் துணையிருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இரு.

நாலரைக்குத்தான் விடுவார்கள். நான் நாலு மணிக்கே போய் நிற்கப்போகிறேன். அவள் கேட்டுக்கு உள்ளேயிருந்து வர வேண்டும் இளவரசி. தெருப்பக்கமிருந்து வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
நமச்சிவாயம்