ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேக்

லிங்கராஜபுரம்,
பெங்களூரு.
அக்டோபர் 27, திங்கட்கிழமை

அன்புள்ள கேரல் கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பி ஜாய்சனும் நல்ல சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் மழை மேகத்தைப் பார்த்தாலே வலிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் தங்கக்கட்டிப் பேரன் நீலும் ஆக்லாந்தில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், உன்னைப் பார்த்து நான் அழுகிறேன், நீல் போனைப் பிடுங்கிக் கட் பண்ணிவிடுகிறான், பாதி சேதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எதிர் வீட்டு ரித்விக் வேலை கிடைத்து வியாழக்கிழமை உங்கள் ஊருக்கே கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பூண்டு ஊறுகாயும் ஒரு பாட்டில் கொடுக்கப் பார்த்தேன், ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்கள் ஆன்ட்டி என்று பயந்துவிட்டான். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸுக்கு இங்கே வர நீ சேர்த்து வைத்திருந்த டிக்கெட் காசை, ஜாய்சன் கடனை அடைத்துவிடுங்கள், நாங்கள் அடுத்த வருஷம் வருகிறோம் என்று என் கணக்கில் போட்டாயே, அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில் ஒரு பைசாகூட நான் தொடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

மார்ச்சில் அவன் கம்பெனியில் அவனிருந்த டீமையே மூடிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அது மூன்று மாதம் எங்களுக்கே தெரியாது என்பது உனக்குத் தெரியாது. காலையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புவான், சாயங்காலம் களைத்துப்போய் வருவான், எந்த பார்க்கில் உட்கார்ந்திருந்தானோ. சம்பளம் வராத அந்த மாதங்களில்தான் எனக்கு ஏர் ஃப்ரையர் வந்தது, அப்பாவுக்குக் கால் பிடித்துவிடும் மெஷின் வந்தது, அவனுக்கு ராஜா மாதிரி சுழல் நாற்காலி ஒன்று வந்தது, ஷூ மட்டும் ஏழு ஜோடி. வேலை போனது தெரியாமலிருக்க வாங்கினானா, வேலை போன துக்கத்தில் வாங்கினானா, அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. என் பங்கையும் நான் மறைக்க மாட்டேன். கீழ் வீட்டுச் சின்னத்தாயியை மெனக்கெட்டு மாடிக்குக் கூப்பிட்டு, என் மகன் வாங்கித் தந்தது, எண்ணெயே இல்லாமல் வடை என்று பீற்றிக்கொண்டேன். அவளும் மென்று மென்று பார்த்துவிட்டு நல்லாருக்குக்கா என்றாள் பாவம். ஆகஸ்டில் கடன் கொடுத்த ஆட்கள் அப்பாவின் ரிப்பேர் கடைக்கே போன் போட்டார்கள். கையிலிருந்த மிக்ஸியைப் பிரித்தது பிரித்தபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மொத்தம் எவ்வளவுடா என்று கேட்டார். இரண்டு கார்டு, போனிலேயே வாங்கின ஒரு கடன், பைக் கடன் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அப்பா கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பேச்சையே நிறுத்திவிட்டார். ஏழு வாரம். சாம்பார் வேண்டுமா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள், ஒரே மேஜையில் நான் டெலிபோன் ஆபீஸ் நடத்தினேன். இனிமேல் ஒரு ரூபாய் வீண்செலவு செய்ய மாட்டேன்மா என்று ஜாய்சன் என் கையைப் பிடித்துச் சொன்னான், நானும் நம்பினேன்.

அப்படிச் சொன்னவன் அறுப்பின் பண்டிகையில் செய்த வேலையைக் கேள். சர்ச்சில் அந்த ஏலம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், காணிக்கையாக வந்த பூசணிக்காய், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள், நாற்பது ரூபாய்த் தேங்காயை நானூறுக்கு எடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். இந்த வருஷமும் பழைய பர்னிச்சர் கடை டிரேவர் அண்ணன்தான் ஏலம் விட்டார். என் ப்ளம் கேக்கைத் தூக்கிக்காட்டி முந்நூறு என்று ஆரம்பித்தார், ஒருத்தர் வாய் திறக்கவில்லை, எல்லாருடைய கண்ணும் பிரியாணி அண்டா பக்கம். எனக்கு முகம் சுருங்கிப்போனது உண்மைதான். உடனே பின்னாலிருந்து ஐந்நூறு என்று ஒரு குரல், பார்த்தால் ஜாய்சன். அதைக் கேட்டதும் பாடகர் குழுவில் ஒருத்தருக்கு ரோஷம் வந்து ஆயிரம் என்றார், இவன் ஆயிரத்து ஐந்நூறு என்றான், நான் புடவைத் தலைப்பால் சைகை காட்டுகிறேன், கண்ணால் மிரட்டுகிறேன், அவன் என் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் நான் வீட்டில் அறுநூறு ரூபாய் செலவில் சுட்ட கேக்கை, என் மகனே ஐயாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தான். சட்டைப்பையில் பஸ்ஸுக்கு நாற்பது ரூபாய் இருந்தது. போதகர் ஐயா நல்ல மனுஷர், வாரம் ஐந்நூறாகக் காணிக்கைப் பெட்டியில் போடு தம்பி என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கேக்கை மேஜையில் வைத்தோம், மூன்று பேரும் அதைப் பிணத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா ஏழு வாரம் கழித்து அவனிடம் வாயைத் திறந்தார், "ஒரு துண்டு ஐந்நூறு ரூபா, சிந்தாம சாப்புடு" என்றார். எனக்கு எங்கிருந்து சிரிப்பு வந்ததோ, அடக்கவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே, முப்பத்தொரு வருஷமாக வயிற்றில் வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். நீ நாலு மாதக் குழந்தையாக என் மடியில் இருந்த வருஷம், இதே ஏலத்தில் அப்பா ஒரு சேவல் எடுத்தார், என்னிடம் நூறு ரூபாய் என்றார், அது அந்த மாதச் சம்பளம் ஆயிரத்து இருநூறு முழுசும் என்று அடுத்த ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் பால்பவுடருக்கு நான்தான் கம்மலை அடகு வைத்தேன். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஜாய்சனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அந்தச் சேவல் மூணு கிலோடீ" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், பாதி சிரிப்பு பாதி அழுகை. அந்தச் சூட்டிலேயே கேக் அட்டைப் பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் எல்லாக் கடனையும் ஜாய்சனை எழுதச் சொன்னோம். எழுதி முடித்துவிட்டு, சாமானையெல்லாம் வித்துடறேன்ப்பா, ஆனா ஆன்லைன்ல கால் விலைக்குதான் கேக்கறாங்க என்று முனகினான். அப்பா சொன்னார், "இல்லாத காசுல கேக் எடுத்தவன்தானே, இருக்கற சாமான ஏலம் விட வாய் வராதா?"

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஏலம். எல்லார் கையிலும் போனஸ் காசு, தெருவே வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றேன், ஆனால் அவன் ஸ்டூல் மேல் ஏறி வாயைத் திறந்ததும் நான் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவிட்டேன். தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு சாரி, இங்கிலீஷில் ஒரு முறை, அப்படி ஒரு வெள்ளமாகப் பேசினான். எதையும் மறைக்கவில்லை. ஷூவைத் தூக்கிக்காட்டி, "இத நான் போட்டது ரெண்டு தடவ, வட்டி கட்டினது நாலு தடவ" என்கிறான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. மூன்றாம் வீட்டுக் கன்னட டீச்சர் ஸ்வல்ப கம்மி மாடப்பா என்று கெஞ்சினார், ஏலத்தில் குறைப்பது கிடையாது மேடம், ஏற்றுவது மட்டும்தான் என்று அவர் பாஷையிலேயே சொல்லி அவரையே முந்நூறு ரூபாய் ஏற்ற வைத்தான். ஏர் ஃப்ரையரை யார் எடுத்தது தெரியுமா, சின்னத்தாயி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு. இனி என்னைக் கூப்பிட்டு வடை கொடுப்பாள், நானும் மெல்ல வேண்டியதுதான்.

கடைசியாக மாடிக்குப் போய், அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். பிரித்தால் சிவப்பாக ஒரு மூன்று சக்கர சைக்கிள், சின்ன மணியோடு. கிறிஸ்மஸுக்கு நீல் வருவான் என்று ஜூனிலேயே கார்டில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான், எனக்கே தெரியாது. அதுவரை ஓயாமல் பேசியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவங்க இந்த வருஷம் வரலை, ஆயிரம் ரூபா என்று மட்டும் சொன்னான். டிரேவர் அண்ணன் தன் பேரனுக்கென்று ஆயிரத்து இருநூறு என்றார். பின்னால் ஸ்டூல் போட்டு முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு கையைத் தூக்கி, ஆயிரத்து ஐந்நூறு என்றார். அண்ணன் விடவில்லை, இவரும் விடவில்லை. ஞானசேகரா, பாக்கெட்டப் பாத்துக் கேளுப்பா என்று அவர் சீண்டினார், இவர் இரண்டாயிரத்து அறுநூறு என்று சொல்லிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஜாய்சன் ஒரு தரம் என்றான், ரெண்டு தரம் என்றான், மூன்றாவதுக்கு அவனுக்குக் குரல் வரவில்லை. தெருவே சேர்ந்து மூணு தரம் என்று கத்தியது கண்ணு, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஏலத்தில் அறுபத்து மூன்றாயிரம் சேர்ந்தது. பைக்கை விற்று அந்தக் கடனை முடித்ததில் மேலும் இருபத்தெட்டாயிரம் மிஞ்சியது. போன் கடன் ஒழிந்தது, கார்டில் இன்னும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் இருக்கிறது, பாங்கில் போய்ப் பேசி அதைப் பதினெட்டு மாதத் தவணையாக மாற்றிக்கொண்டு வந்தான். கார்டு இரண்டையும் மீன் வெட்டும் கத்தரிக்கோலால் நானே நறுக்கினேன், அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. டிரேவர் அண்ணன் மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்து, ஊரைக் காலி பண்ணிப் போகிறவர்கள் கட்டில், சோபா என்று என் கடையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், விற்க எனக்கு இந்த வாய் வேண்டும் என்று சொல்லி மாதம் பதினெட்டாயிரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை, ஆனால் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரிகிறது. உன் காசைப் பார்க்கும்போது எனக்குக் கை அரித்ததும் உண்மை, ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுமே என்று. அவனே என்னைப் பாங்குக்குக் கூட்டிப் போனான், "அக்கா காசத் தொட்டா நான் அன்னைக்கு ஸ்டூல்ல ஏறி நின்னதுக்கு அர்த்தமே இல்லம்மா" என்றான். இன்று மத்தியானம் அந்தக் காசு முழுசும் உனக்கே அனுப்பியாகிவிட்டது, வந்ததா என்று பார்த்துக்கொள்.

நீலுக்குப் போனைக் காட்டிச் சோறு ஊட்டாதே. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. விலை ஏறுவதற்குள் டிக்கெட் போட்டுவிடு, இதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது. வரும்போது யாருக்கும் எதுவும் வாங்கி வராதே, வாங்கி வந்தால் உன் தம்பி கீழே கொண்டுபோய் ஏலம் விட்டுவிடுவான். சைக்கிள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்பா கடைக்குப் போகும் முன் தினமும் அதைத் துடைத்து, மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார். கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் ஆசீர்வதித்து, வழியெல்லாம் காத்துக் கூட்டி வருவாராக.

என்றும் உன் அன்பு அம்மா,
சாந்தகுமாரி

கேரல், சீட் உயரம் சரியா வைக்கணும். நீலுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து சொல். இல்லாவிட்டால் வேண்டாம், வந்த பிறகு நானே அளந்துகொள்கிறேன். — அப்பா